குதிரையைக் காட்டுங்கள் ஐயா

நேற்று ராத்திரி அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் புலம்பப் போகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தப்பித்தீர்கள். சேனல் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பீர்கள்.

தலைப்பு என்னவோ கிண்டி ரேஸ் கோர்ஸ்தான். பின்னால் ஓடிய படத்தில் இரட்டைக் கோபுரம், பழுப்பு மண் தடம், பூ வைத்த பெரிய தொப்பியோடு வெள்ளைக்காரப் பெண்கள். அது அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி நடக்கிற சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். கிண்டியில் பந்தயம் ஓடியது புல்தரையில். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கிண்டிப் படம் ஒன்று கிடைக்கவில்லையாம். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் நெறியாளர் சிரித்தபடி கேட்டார்: "இதையெல்லாம் டிவியில போட்டா யாரு சார் பார்ப்பாங்க, சூதாடிகளைத் தவிர?" நாலு விருந்தினர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "நீங்க எப்ப போட்டுப் பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்க ஒருத்தர் இல்லை.

நான் கேட்கிறேன். எப்போது போட்டீர்கள்? ஒரு குதிரையை முழுசாக ஒரு நிமிடம் தமிழ் டிவியில் காட்டியிருக்கிறீர்களா? அதன் பெயர், அதன் தாய் தகப்பன், போன தடவை அது எங்கே கோட்டைவிட்டது, இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களா? காட்டியதெல்லாம் கசங்கிய சீட்டு, நோட்டு எண்ணும் கை, சோகமான பின்னணி இசை. அதைப் பார்த்துவிட்டு ரசிகன் எங்கிருந்து வருவான்?

ஜப்பானில் ஹரு உராரா என்று ஒரு பெண் குதிரை. ஷிகோகு தீவில் கோச்சி என்கிற ஊர், நம் கேரளத்துக் கொச்சி இல்லை. அங்கே கடனில் மூழ்கி எப்போது மூடுவார்களோ என்று இருந்த ஒரு சின்ன மைதானம். இந்தக் குதிரை ஓடிய எல்லாப் பந்தயத்திலும் தோற்றுக்கொண்டே இருந்தது. 2003-ல் உள்ளூர்ப் பத்திரிகை அதை எழுத, தேசிய டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், நாடே திரும்பிப் பார்த்தது. 2004 மார்ச்சில் ஜப்பானின் பெரிய ஜாக்கி யுடாகா டாகே வந்து அதன்மேல் ஏறினார். அன்றைக்காவது ஜெயித்ததா? 11 குதிரைகளில் பத்தாவது. ஆனாலும் மைதானம் கொள்ளாத கூட்டம். அதன் மேல் கட்டிய சீட்டை விபத்து வராமல் காக்கும் தாயத்து போல வண்டியில் வைத்துக்கொண்டார்கள் ஜனங்கள். மொத்தம் 113 பந்தயம், 113 தோல்வி. மூட வேண்டிய மைதானம் இன்றும் நடக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 2021-ல் அங்கே உமா முசுமே என்று ஒரு மொபைல் கேம் வந்தது. உண்மையான பந்தயக் குதிரைகளின் பெயரில் கார்ட்டூன் பெண்கள் ஓடுவார்கள். கேட்கவே கோமாளித்தனமாக இருக்கும், எனக்கும் அந்த மாதிரி சமாச்சாரம் ஒத்துவராது. ஆனால் அதை விளையாடிய பிள்ளைகள் ஓய்வுபெற்ற நிஜக் குதிரைகளைத் தேடிப் பண்ணை பண்ணையாகப் போனார்கள். 2025-ல் அது ஆங்கிலத்திலும் வந்ததும், எங்கெங்கோ இருக்கிறவர்கள் கிழவியாகிவிட்ட ஹரு உராராவுக்குப் புல் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் 29 வயதில் அது செத்தபோது உலகம் முழுக்க அழுதார்கள். இவர்களும் சூதாடிகளா? செத்துப்போன குதிரைமேல் யார் சார் பணம் கட்டுவார்கள்?

குதிரையைக் காட்டினால் பார்ப்பார்கள். இதுதான் என் கட்சி, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் என்கிற தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தை 1960-லிருந்து பிபிசி நேரடியாகக் காட்டியது. இப்போது ஐடிவி காட்டுகிறது. கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், 30 தடை தாண்ட வேண்டும். ரெட் ரம் என்கிற குதிரை 1973, 74, 77 என்று மூன்று தடவை ஜெயித்ததும் வருஷம் முழுக்க ரேஸ் பக்கமே தலைவைக்காத வீடுகளில் எல்லாம் அதன் பெயர் தெரிந்தது. 2021-ல் ரேச்சல் பிளாக்மோர் அந்தப் பந்தயத்தை ஜெயித்த முதல் பெண் ஜாக்கி ஆனார். கொரோனா காலம், மைதானத்தில் ரசிகர்களே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தது டிவியில்தான்.

கென்டக்கி டெர்பி இரண்டே நிமிடப் பந்தயம். அந்த இரண்டு நிமிடத்துக்கு என்பிசி டிவி மணிக்கணக்கில் முன்கதை சொல்கிறது. அதில் பாதி தொப்பியும் நடிகர்களும்தான், எனக்கு எரிச்சலாக வரும். மீதிப் பாதியில் குதிரை, அதை வளர்த்தவர், ட்ரெய்னர் என்று உட்கார்த்திவைத்துக் கதை சொல்வார்கள். 2025-ல் சராசரியாக 1 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். நம் சேனல் அங்கிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தொப்பியை மட்டும்.

"அது ஜப்பான், அது அமெரிக்கா, நம்ம ஜனங்களுக்கு வராது" என்று ஒருத்தர் கமெண்டில் வருவார், தெரியும். ஐயா, பொங்கலன்று டிவியைப் போடுங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். வாடிவாசல் திறக்கும் முன்பே காளை யாருடையது, எந்த ஊர் என்று மைக்கில் சொல்கிறார்கள். பிடிமாடா, நின்று விளையாடும் மாடா, திமில் எப்படி, கொம்பு எப்படி என்று நம் வீட்டுப் பாட்டிகள் சோபாவில் உட்கார்ந்தபடி தீர்ப்பு சொல்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரலை. நேற்று சிரித்த அதே சேனலும் காட்டுகிறது. ஒரு மிருகத்தைப் பார்த்து ரசிக்கத் தமிழனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் புரோ கபடி வரும்வரை அதை டிவியில் யார் பார்ப்பார்கள் என்று இதே மாதிரிதான் சிரித்திருப்பார்கள். கேமராவைச் சரியான இடத்தில் வைத்தார்கள், 30 விநாடிக் கடிகாரத்தைத் திரையில் போட்டார்கள், ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கலாம். பழையவர்களுக்குத் தெரியும். என் அப்பா சைஸ். கிண்டி லாயத்தில் குதிரை பார்த்துக்கொள்கிறவர். விடியும் முன்பே கிளம்பிப் போவார், பயிற்சிக்குப் போய் வந்த குதிரையை நடத்தி ஆற்றி, தேய்த்துவிட்டு, தவிடும் குதிரை மசால் தழையும் வைத்துவிட்டு வரும்போது நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்போம். அவர் சட்டையில் எப்போதும் அந்த வாசம் இருக்கும்.

பந்தயத்துக்கு முன்னால் பேடாக் என்கிற இடத்தில் குதிரையைச் சுற்றி நடத்துவார்களே, அதை எப்படிப் பார்ப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "ரேட் போர்டைப் பார்க்காத பாப்பா, காலைப் பாரு." முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்கால் விழுகிறதா? நடை இழுக்கிறதா, தளர்வாக வருகிறதா? காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? பின்தொடை நடுவில் நுரை கட்டி வேர்த்திருந்தால் ஓடும் முன்பே பதற்றத்தில் பாதி பலம் போயிருக்கும். ஹேண்டிகேப் என்கிற எடைக் கணக்கை அவர் விளக்கிய மாதிரி எந்த நிபுணரும் விளக்கிக் கேட்டதில்லை: "நல்லா ஓடுறவன் முதுகுல கூடக் கனம் வைப்பாங்க, சுமாரா ஓடுறவனுக்குக் குறைச்சு வைப்பாங்க. எல்லாரும் ஒண்ணா வந்து சேரணும்னுதான் கணக்கு. அதையும் மீறி எவன் வர்றான்னு பாரு." சொல்லுங்கள், இதைவிட நல்ல டிவி நிகழ்ச்சி உண்டா? ஒரு சைஸைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்து, இந்தக் குதிரை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். ஐந்து நிமிடம். நேற்று உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருத்தராவது குதிரையைத் தொட்டிருப்பாரா?

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருகிறேன்.

சூது. 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள். அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. சம்பள நாளில் ரேஸ் கோர்ஸ் வாசலில் புருஷனைத் தேடிக்கொண்டு நின்ற பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேளுங்கள், 2023-லிருந்து 2025 ஆகஸ்ட் வரை இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே இருந்தது யார் பெயர்? ட்ரீம்11. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை ஒரு சட்டம் வந்து தடை செய்த பிறகுதான் கழற்றினார்கள். அதுவரை எந்த நெறியாளராவது "கிரிக்கெட்டை சூதாடிகளைத் தவிர யார் பார்ப்பா" என்று சிரித்தாரா? கிரிக்கெட்டுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயம். குதிரைமேல் கட்டும் பணத்தில் 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி. வரியை வாங்கிக்கொள்ளும்போது அது சூதில்லை போலிருக்கிறது.

மிருகவதை. இது நியாயமான கேள்வி, கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. குதிரை விழுந்து கால் ஒடிந்தால் என்ன ஆகும் என்று சைஸ் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அப்பா சாப்பிடமாட்டார். ஆனால் கிராண்ட் நேஷனலில் 2011, 2012 இரண்டு வருஷமும் குதிரைகள் செத்ததைக் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்ததால்தான், தடைகளுக்குள்ளே இருந்த கெட்டியான மரத்தை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024-ல் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். கேமரா இருக்கிற இடத்தில் கேள்வி வரும். யாரும் பார்க்காத இடத்தில் ஓடும் குதிரைக்காக யார் கேட்பார்கள்?

கிண்டி நிலம். 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து அரசு எடுத்துக்கொண்டது, வழக்கு நடக்கிறது. வேளச்சேரி வெள்ளத்துக்கு அங்கே குளம் வெட்டியதை நான் குறை சொல்லமாட்டேன், இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் நான். அது வேறு விஷயம். என் பேச்சு டிவியைப் பற்றி.

"பணக்காரர் விளையாட்டு." இதற்குத்தான் எனக்கு வாய் அடங்காது. குதிரையை வாங்குகிறவர் பணக்காரர், சரி. மறைந்த செட்டிநாட்டுத் தொழிலதிபர் எம்.ஏ.எம். ராமசாமி மாதிரி பெரிய இடத்துக்காரர்கள் பரிசுக் கோப்பையோடு நிற்கும் படம்தான் பேப்பரில் வரும். கோப்பைக்குப் பக்கத்தில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒரு ஆள் பாதி தெரிவாரே, படத்தை வெட்டும்போது முதலில் போவது அவர்தான். சைஸ், லாடம் அடிக்கிறவர், புல் கொண்டுவருகிறவர், காலையில் பயிற்சிக்கு ஏறும் பையன், இவர்கள் எல்லாம் யார் வீட்டுப் பணக்காரர்கள்? எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த ஒரு வீட்டில், அப்பாவுக்கு ரேஸ் கோர்ஸில் வேலை என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "அப்ப ஆடுவாரா?" என்று கேட்டார்கள். அப்பா ஆடினதே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், தீபாவளி சமயத்தில் அஞ்சு பத்து போட்டிருப்பார். ஆனால் அதற்கப்புறம் அம்மா யார் கேட்டாலும் "கிளப்ல வேலை" என்றுதான் சொன்னாள். அத்தனை வருஷம் குதிரை வளர்த்த மனுஷனுக்குச் சொந்த வீட்டிலேயே தொழில் பெயர் இல்லாமல் போனது. நேற்று அந்த நாலு பேர் சிரித்தபோது எனக்கு அந்த டம்ளர் வைத்த சத்தம்தான் கேட்டது.

அதனால் நடுநிலையாகப் பேசு என்று யாரும் வராதீர்கள். நேற்று நாலு பேர் நடுநிலையாகத்தான் சிரித்தார்கள்.

அந்தச் சேனலில் வேலை செய்கிற ஒருத்தர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். படிப்பீர்கள் என்று தெரியும் தம்பி. அடுத்த தடவை கிண்டியைப் பற்றிப் பேசினால், வேலை போன சைஸ் யாராவது ஒருத்தரைக் கூப்பிடுங்கள். நம்பர் வேண்டுமானால் நான் தருகிறேன். அதுவரை அந்தக் கென்டக்கிப் படத்தையாவது மாற்றுங்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு இன்பாக்ஸில் "அக்கா, ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ல எது வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு: பிளாக் செய்துவிடுவேன்.