கண்ணாடி பெட்டிக்குள் இருக்கிறது
"பள்ளியிலேயே முகாம் நடத்தி இலவசக் கண்ணாடி கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது" என்று பள்ளிப் பிள்ளைகளின் பார்வைக் குறை பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறேன்; இங்கே கொடுத்த கண்ணாடிகளில் பல ஜாமெட்ரி பாக்ஸுக்குள்தான் கிடக்கின்றன. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்; பவர் மைனஸ் இரண்டரை. கிடைத்ததோ பெரியவர்கள் சைஸ் ஃபிரேம், குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்கிவிடும். பின்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிப் பார்த்தாள், பையன்கள் 'சோடாபுட்டி' என்றதும் கழற்றிவிட்டாள். இப்போது கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். கேட்டால், போர்டு நல்லாத் தெரியுது டீச்சர் என்பாள்! கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவரைப் போலவே, சின்ன வயதில் கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று அவள் அம்மாவுக்கும் பயம். வளரும் வயதில் கண்விழி நீள்வதால்தான் மைனஸ் பவர் கூடுகிறது. கண்ணாடி மேல் பழி போடக் கூடாது. 2002இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாகக் கூடியது. முகாம்காரர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு நடை வந்து எத்தனை பேர் மூக்கில் கண்ணாடி இருக்கிறது என்று எண்ணட்டும். அப்புறம், ஃபிரேமைப் பிள்ளைகளே பார்த்து எடுக்க விடட்டும்.