பெடியனுக்கு நாங்கள் சொல்லாமல் விட்டது

என்னிடம் உயர்தரம் படித்த ஒரு பெடியன் போன கிழமை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு குழுவின் வீடியோவைப் போட்டிருந்தான். சபைக்காரரை, அதாவது புதிய கிறிஸ்தவ சபைகளுக்குப் போகிறவர்களை, ஊருக்குள் விடக்கூடாதாம், முஸ்லிம் கடையில் சாமான் வாங்கக்கூடாதாம். நெஞ்சு பதறிப்போனது. ஏனென்றால் அவன் கெட்ட பிள்ளை இல்லை. கிளிநொச்சியில் வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தவன்.

பிள்ளைகள் இப்படி வெறுப்புப் பக்கம் போவதற்கு வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதை நம்பவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் குண்டோடு போனவர்களில் கொழும்பின் பெரிய வாசனைத் திரவிய (மிளகு போன்ற சரக்கு) வியாபாரி ஒருவரின் இரண்டு மகன்மாரும் இருந்தார்கள். வெளிநாட்டில் படித்தவரும் இருந்தார். 260க்கு மேற்பட்ட சனம் செத்தது. அதற்கு முன்னர் 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் சிங்களக் கும்பல்களால் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன. அந்தக் குண்டுக்காரருக்குத் தலைவனாக இருந்த சஹ்ரான் போன்றவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்க ஆள் கிடைத்ததில் அந்த நெருப்புக்கும் பங்குண்டு.

எங்கள் பெடியனிடமும் நியாயமான கோபம் இருக்கிறது. 2024 சிவராத்திரிக்கு வவுனியா வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில் பூசை செய்தவர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதை அவன் போனில் பார்த்தவன். முல்லைத்தீவு குருந்தூர்மலையில் விகாரை கட்டிய கதையும் தெரியும். ஆனால் அந்தக் கோபம் கடைசியில் யார் மேல் திரும்புகிறது? பக்கத்து வளவில் இருக்கிற, 2009இல் அவனுடைய அம்மாவோடு ஒரே பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்த, இப்போது சபைக்குப் போகிற அக்கா மேல்.

அந்தப் பங்கர் கதை அவனுக்குத் தெரியாது. முள்ளிவாய்க்காலில் அவன் சின்னக் குழந்தை. வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் அழுகை வரும், பிள்ளை பயப்படும் என்று நாங்கள் பூட்டி வைத்துவிட்டோம். மன்னார் மடு மாதா கோயிலில் சைவச் சனமும் வேதக்கார (கத்தோலிக்க) சனமும் ஒன்றாக அடைக்கலம் இருந்ததையும், 1999 நவம்பரில் அங்கே செல் விழுந்து நாற்பது பேரளவில் செத்ததையும் நான் சொல்லித்தான் கேள்விப்பட்டான். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியதை, முல்லைத்தீவில் எங்கள் தண்ணீரூற்று முஸ்லிம் சனமும் அதில் போனதை, நானே இத்தனை வருடம் வகுப்பில் சொன்னதில்லை. எங்கள் பிழையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் வெறுமையாக விட்ட இடத்தில் போன் தன் கதையைப் போட்டு நிரப்பிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பரீட்சை முடிந்து ஒன்றரை வருடமாக அவன் சும்மா இருந்தான். எங்கள் சனசமூக நிலையத்தில் அவனுக்குத் தெரிந்த வேலை கதிரை அடுக்குவதுதான். கூட்டத்தில் எழும்பிக் கதைத்தால் "நீ சின்னப்பெடியன், இரு" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வீடியோக் குழுக்காரர் அவனுக்கு ஒரு ரீசேட்டும் இணைப்பாளர் என்ற பதவியும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் போன் எடுத்து "தம்பி, உன்னை நம்பித்தான் இருக்கிறம்" என்கிறார்கள். நாங்கள் யாராவது அவனிடம் அப்படிச் சொன்னோமா?

ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு நான் ஏசவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். முதலில் முறைத்துக்கொண்டு இருந்தான். அப்புறம், "தண்ணீரூற்றுச் சனம் எங்க போனது சேர்?" என்று கேட்டான். புத்தளத்துக்கு என்றேன். கொஞ்சப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை அவனையும் இன்னும் மூன்று பெடியளையும் தண்ணீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். திரும்பி வந்து கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர் கதைக்கச் சம்மதித்திருக்கிறார். மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.