30 ஆம்பியர் அண்ணாச்சி!

போன வியாழக்கிழமை சாயங்காலம். திருநெல்வேலி டவுன்ல இருந்து ஜங்ஷனுக்கு என் கரண்ட் ஸ்கூட்டர்ல ஈரடுக்குப் பாலத்துல ஏறுதேன். பின்னால வீட்டுக்காரி, கால்மாட்டுல 10 கிலோ அரிசிப் பை. ஏத்தத்துல பாதி போகல, வண்டி செத்துப் போச்சு. மீட்டர்ல சார்ஜ் 80 சதவீதம் காட்டுது, வண்டி பொணம் மாதிரி நிக்குது. பின்னால வந்த பஸ்காரன் அடிச்ச ஹாரன்ல பாலத்துக்கு அடியில ரயில்ல இருந்தவனே எந்திரிச்சிருப்பான். சாவியத் திருப்பிப் போட்டா உயிர் வருது. இருபது அடி போனா மறுபடியும் சாவுது. கடைசியில வீட்டுக்காரி எறங்கி நடக்கா, நான் அரிசியோட வண்டியத் தள்ளுதேன்.

பழைய பேட்டரின்னா வாயை மூடிக்கிட்டு இருப்பேன். புது லித்தியம் பேட்டரி, போட்டு 11 நாள்தான் ஆகுது!

வீட்டுக்கு வந்து சீட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன். மோட்டாருக்குக் கரண்ட அளந்து விடுத கண்ட்ரோலர்ல 25 ஆம்பியர்னு போட்டிருக்கு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பேட்டரியத் தெறந்து பாத்தாரு. உள்ள இருக்க பி.எம்.எஸ்., அதான் பேட்டரிக்குக் காவல் நிக்குத சர்க்யூட், வெறும் 15 ஆம்பியர். சமதரையில ஒத்த ஆளாப் போனா ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரு ஏத்தத்துல போனா மோட்டார் 20-க்கு மேல இழுக்கும். அப்ப செல்லக் காப்பாத்த பி.எம்.எஸ். கரண்ட வெட்டி விட்டுரும். அது மேல தப்பே இல்ல, அதுக்கு வேலையே அதுதான். வித்த பயல என்ன செய்யலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஏன்னா நான் கேக்காம வாங்கல வே. "தம்பி, எத்தனை ஆம்பியர் தாங்கும்?"னு வாயத் தெறந்து கேட்டேன். "30 ஆம்பியர் அண்ணாச்சி, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னான். அவன் சொன்னது 30 ஆம்பியர்-அவர் (Ah). தொட்டியில எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு அவன் சொல்லுதான், குழாய் எவ்வளவு அகலம்னு நான் கேக்கேன். ரெண்டையும் "ஆம்பியர்"னே சொல்லி விக்கானுவ. தெரிஞ்சு சொல்லுதானா தெரியாமச் சொல்லுதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

வண்ணாரப்பேட்டையில ஆரம்பிச்சு மேலப்பாளையம் வரைக்கும் நான் ஏறி எறங்காத கடை இல்ல. எங்கன போனாலும் ஒரே பாட்டு: "80 கிலோமீட்டர் போகும்." யாரு ஓட்டி 80? எந்த ரோட்டுல? பழைய ஈயப் பேட்டரிக்கும் இதத்தான் சொன்னானுவ. 12 வோல்ட் 28 ஆம்பியர் அவர், மொத்தம் அஞ்சு. மொத்த வோல்ட் 60-ஐ 28-ஆல பெருக்குனா 1680 வாட் அவர் (Wh), அதான் பேட்டரியில அடங்குத மொத்தச் சக்தி. என் வண்டி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 வாட் அவர் தின்னுது. ஒட்டத் தொடைச்சு எடுத்தாலும் 56 கிலோமீட்டர். ஈயப் பேட்டரிய தெனமும் ஒட்டத் தொடைச்சா சீக்கிரம் படுத்துரும். பாதியோட நிறுத்துனாத்தான் நாலு நாளு கூட உழைக்கும். அப்ப 28 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்குப் போட அஞ்சாங்கிளாஸ் போதும். ஆனா 'வாட் அவர்'னு கேட்டா கடைக்காரன் நம்மள கிறுக்கன் மாதிரி பாக்கான்.

அந்த ஈயப் பேட்டரி ஒன்றரை வருஷத்துல உப்பிப் போச்சு. சூடு பத்து டிகிரி கூடுனா ஆயுசு பாதியாகும்னு பேட்டரிக்காரங்களுக்கே தெரிஞ்ச கணக்கு. நம்மூரு சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ வண்டிய நிறுத்துத மனுஷன்கிட்ட இத ஒருத்தன் சொன்னானா?

சரி, லித்தியம் போடுவோம்னு போனா அது இன்னொரு கூத்து. லித்தியத்துலயே எல்.எஃப்.பி., என்.எம்.சி.ன்னு செல்லுல வகை உண்டு. "தம்பி, இது எல்.எஃப்.பி.யா என்.எம்.சி.யா?"ன்னு கேட்டா, "லித்தியம்னா லித்தியம்தான் அண்ணாச்சி"ங்கான் ஒருத்தன். அரிசின்னா அரிசிதான்னு புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே விலைக்கு எடை போடுவியால? எல்.எஃப்.பி. செல் 3.2 வோல்ட், சூட்டையும் கொஞ்சம் தாங்கும், வருஷமும் கூட வரும். ஆனா கனம், எடமும் அடைக்கும். என்.எம்.சி. 3.7 வோல்ட். சின்ன எடத்துல நிறைய அடக்கலாம், சூட்டுக்குத்தான் ஆகாது. நம்ம வெயிலுக்கு எது தோதுன்னு சின்னப்புள்ள கூடச் சொல்லும். ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல மட்டும் 'லித்தியம்', பக்கத்துல மின்னல் படம்.

இதுல கொலைகாரப் பேச்சு ஒண்ணு இருக்கு. "பழைய சார்ஜரே போதும், புதுசு எதுக்குத் தண்டச் செலவு?" அஞ்சு ஈயப் பேட்டரிக்கு உள்ள சார்ஜர் 73 வோல்ட்டுக்கு மேல போகும். 16 செல் என்.எம்.சி.க்கு 67.2 வோல்ட்லயே நிறுத்தணும். பி.எம்.எஸ். காப்பாத்துனா உண்டு. அதுவும் ஏமாத்துனா ராத்திரி எல்லாரும் தூங்கையில வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டிருக்கோம்கிறத யோசிச்சுப் பாருங்க. அந்தக் கடையில டீ கூடக் குடிக்காம எறங்கிட்டேன்.

வரி தனி வயித்தெரிச்சல். வண்டியோட சேர்த்து வாங்குனா ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பேட்டரிய மட்டும் தனியா மாத்துனா 18. வண்டியப் பத்திரமா வச்சிருந்து பேட்டரி மட்டும் மாத்துதவனுக்கு இது தண்டனையா என்னன்னு தெரியல.

வாரண்டி கார்டையும் படிச்சேன். 'தண்ணீர் பட்டால் செல்லாது.' 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே வந்து நின்ன ஊருல வந்து இத விக்கானுவ!

நான் கேக்கது பெருசா ஒண்ணும் இல்ல. பில்லுல நாலு வரி எழுதிக் குடு: எந்த வகை செல், எத்தனை வாட் அவர், பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும், சார்ஜர் எத்தனை வோல்ட்ல நிக்கும். வெள்ளிக்கிழமையே பேட்டரி வித்த கடைக்குப் போய்க் கேட்டேன். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி"ன்னான். இன்னைக்குப் புதன். காலையில போன் வந்துச்சு, ஆசையா எடுத்தேன். "அண்ணாச்சி, வண்டி எப்படிப் போவுது? அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்களேன்."

வீட்டுக்காரி இப்ப டவுனுக்கு அரசு பஸ்லதான் போறா. "எனக்கு டிக்கெட்டும் கெடையாது, சார்ஜும் போட வேண்டாம். நீங்க அந்தப் பேட்டரியக் கட்டிக்கிட்டு அழுங்க"ன்னுட்டு இப்பத்தான் பையத் தூக்கிக்கிட்டு எறங்குனா.