ராபரி வேறு, பர்க்ளரி வேறு

ஆங்கிலக் குற்றச் செய்திகளில் வரும் தெஃப்ட், ராபரி, பர்க்ளரி ஆகிய மூன்று சொற்களுக்கும் 'திருட்டு' என்றே உங்கள் கட்டுரையில் பொருள் போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. பிரிட்டிஷ் செய்தியில் அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் ராபரி. அத்துமீறிக் கட்டடத்துக்குள் புகுந்து திருடினால் பர்க்ளரி. இங்கிலாந்தின் 1968 தெஃப்ட் ஆக்ட் (திருட்டுச் சட்டம்), பிரிவு 8 (ராபரி), 9 (பர்க்ளரி) பாருங்கள். நம்மூர் ஆங்கில நாளிதழில் கூடுதலாக டக்காய்ட்டி (கூட்டுக் கொள்ளை) வரும்; அதற்குக் குறைந்தது 5 பேர் வேண்டும்.

'ராப்' வினைக்குப் பின்னால் பறிகொடுத்த ஆளோ இடமோ, 'ஸ்டீல்' பின்னால் பறிபோன பொருள்: ராப்டு எ பேங்க் (வங்கியைக் கொள்ளையடித்தார்), ஸ்டோல் தி கேஷ் (பணத்தைத் திருடினார்). 'ராப்டு தி கேஷ்' என்று எழுதுவதுதான் வழக்கமான சறுக்கல்.

அரெஸ்டட் ஆன் சஸ்பிஷன் ஆஃப் (சந்தேகத்தில் கைது), சார்ஜ்டு வித் (குற்றம் சாட்டப்பட்டார்), கன்விக்டட் ஆஃப் (குற்றவாளி எனத் தீர்ப்பானது) என, ஆன், வித், ஆஃப் போன்ற ஒட்டுச்சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். சார்ஜ்டு என்றால் குற்றச்சாட்டுதான். 'தண்டிக்கப்பட்டார்' என்று பெயர்த்தால் ஆளையே குற்றவாளியாக்கிவிடுவீர்கள்.