ஹெல்மெட் வந்தது, நிதானம் போனது

எங்கள் மாப்பிள்ளை ஹெல்மெட் வாங்கிய நாளிலிருந்து எனக்குத்தான் உயிர் போய் உயிர் வருகிறது. வெறுந்தலையோடு பைக் ஓட்டிய காலத்தில் பர்மாவின் மாண்டலே தெருக்களில் முப்பதைத் தாண்டமாட்டார். இப்போது தாடைக்கடியில் வாரை ‘டக்’கென்று மாட்டியதும் போருக்குப் போகிற தோரணை. நேற்று ஒரு லாரிக்கும் பழைய ஜப்பான் காருக்கும் நடுவே புகுந்தார். அந்தக் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். இங்கே 1970லிருந்து வண்டி ஓடுவதும் வலப்பக்கம். சாலையோரப் பக்கம் உட்கார்ந்து காரை ஓட்டுகிறவருக்கு, முந்தும்போது எதிரே வருவதே சரியாகத் தெரியாது.

“மெதுவாப் போங்க மாப்ள” என்று கத்தினேன்.

“ஹெல்மெட் இருக்குல்ல மாமா!”

இருக்கிறது, சரி. அவர் தலையில். பின்னால் உட்கார்ந்த என் தலையில் இருந்தது நல்லெண்ணெய் மட்டும்தான்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இலேயே எழுதிவிட்டார்: காரில் பாதுகாப்பு கூடினால் ஓட்டுகிறவரின் துணிச்சலும் கூடும், அடி நடந்து போகிறவர் மேல் விழும் என்று. அந்த அளவுக்கெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் ஒருநாள் எங்கள் மாப்பிள்ளையின் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கித் தருகிறாராம். அப்புறம் வேகம் இன்னும் பத்து ஏறும். வேண்டாம் சாமி, நான் சைக்கிள் ரிக்‌ஷாவிலேயே போய்க்கொள்கிறேன்.