மெத்தில்பெனிடேட் நித்திரைக் குளிசை அல்ல

மிகைத் துடிப்புள்ள மகனுக்குக் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த மெத்தில்பெனிடேட்டைக் கொடுப்பதா என ஹட்டனிலிருந்து ஒரு தாயார் கேட்டதற்கு, அது பிள்ளையைத் தூங்கவைத்து அடக்கும் குளிசை என்று இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பெற்ற மனம் பயப்படுவது நியாயமே. ஆயினும் அத்தகவல் சரியன்று. அது கவனத்துக்கு உதவும் டோபமைன், நோரட்ரினலின் ஆகிய இரசாயனங்களின் செயற்பாட்டை மூளையில் கூட்டும் ஊக்கி மருந்து. நித்திரை குறைவதும் பசி மந்தமாவதுமே அதன் வழமையான பக்கவிளைவுகள் என்பதால்தான் சாதாரணமாக அதை மாலையில் கொடுப்பதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பக்கவிளைவுகள் பகுதியை வாசித்துப் பாருங்கள். வெறும் உறையில் போட்டுத் தந்திருந்தால் மருந்தாளரிடம் கேட்கலாம். மருந்து எடுக்கும் பிள்ளை பேச்சுக் குறைந்து சோர்ந்திருந்தால் அளவு கூடியிருக்கக்கூடும். அதை வைத்தியரிடம் அவசியம் சொல்லுங்கள்.