அந்த 21 வில்லன்கள்
குழந்தைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சூப்பர்ஹீரோ படம் போட்ட பயிற்சித்தாள் கொடுத்தாலே வாய்ப்பாடு தானாகப் பதிந்துவிடும் என்று அது சொல்வதுதான் இடிக்கிறது. என் மகன் அப்படி ஒரு தாளில் அரை மணி நேரம் ஹீரோவின் மேலங்கிக்குச் சிவப்பு தீட்டினான். 7 × 8 கேட்டால் விரலை எண்ணினான். அப்புறம் ஆட்டத்தை மாற்றினோம். 10 × 10 வரை 100 பெருக்கல். 3 × 4, 4 × 3 இரண்டும் ஒன்றுதான் என்று பிடிபட்டால் 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வருவதெல்லாம் சுலபம், எடுத்துவிட்டால் மிச்சம் 21. அவைதான் வில்லன்கள், ஆளுக்கு ஒரு அட்டை. விடை சொன்னால் பழைய ஷூ டப்பா சிறைக்குள் போகும், மறுநாள் விடை தவறினால் வில்லன் தப்பித்துவிடுவான், அட்டை வெளியே. 6 × 7 மூன்று தடவை தப்பியது! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைக்கச் சொல்கிறார். வைத்தோம், தெரிந்த விடையும் அவனுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.